பாட்டிலுக்கு முதுகு காட்டிய அண்ணி

செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்று நாற்பதுக்குச் செய்தி வந்தது. நான் அப்போது தேர்வறையில் மேற்பார்வைக்கு நின்றிருந்தேன். கணக்குத் தேர்வு, முப்பத்தாறு பிள்ளைகள். வலது மூலையிலிருந்து தொடங்கி இடப்பக்கமாக ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தத் திசையில் என் கண் மெதுவாகத்தான் போகும். அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னது அண்ணி.

"பாட்டில் பெல்ட்டுல ஓடுற இடத்துல வேகமான பக்கம் வேணும். உன் பிள்ளைங்க எங்க ஓடப்போகுது? மெதுவான பக்கமாவே பாரு. கண்ணு தட்டுத் தடுமாறிப் போறப்பதான் பிட்டு மாட்டும், டீச்சரம்மா."

மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி தன் உள்ளங்கையை அளவுக்கு மீறி ரசித்துக்கொண்டிருந்தாள். அவளை நோக்கி நடக்கத் தொடங்கியபோது அலுவலக உதவியாளர் வாசலுக்கு வந்தார். பாட்டில் கம்பெனியிலிருந்து போன் என்றார். போனை எடுத்தேன். "டீச்சர், நான் மணிக்கூண்டு பேசுறேன்" என்றது ஒரு குரல்.

மணிக்கூண்டு என்பது கம்பெனி மேனேஜருக்கு அண்ணி வைத்த பட்டப்பெயர். ஆள் நெடுநெடுவென்று இருப்பார், கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். அந்தப் பெயர் தனக்குத் தெரியும் என்பதை அவர் அதுவரை யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை. அவர் வாயிலிருந்தே அது வந்ததும் மீதி எனக்குப் புரிந்துவிட்டது.

மூன்று நாளாகிறது. துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் பேசுகிறார்கள். தங்கமான மனுஷி. வாய் திறந்து ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டாள். தலை குனிந்து போவாள், தலை குனிந்து வருவாள். இப்படிச் சொன்னவர் எதிர்வீட்டு அம்மா. அந்த அம்மாவிடம் அண்ணி ஒரு பந்தயத்தில் ஜெயித்து, ஒரு வாரம் எங்கள் வீட்டுத் துணியை எல்லாம் அவரையே மடிக்க வைத்தாள். போனவர்களை இப்படித் தேய்த்து வழவழப்பாக்கிவிடுகிறார்கள். அண்ணியை அப்படி ஆக்க எனக்கு மனமில்லை.

அண்ணி என் அண்ணனின் மனைவி. அண்ணன் தையல்காரன். வீட்டின் முன்னறைதான் அவன் கடை. அண்ணி மருந்து பாட்டில் கம்பெனியில் பாட்டில் பார்ப்பவள். வேலையின் பெயரே அதுதான். கழுவிய காலி பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக வரும். பின்னால் வெள்ளை விளக்குப் பலகை. முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விரிசல், குமிழி, கண்ணாடித் துணுக்கு எது இருந்தாலும் அந்தப் பாட்டிலை ஒதுக்க வேண்டும். நொடிக்கு ஒரு பாட்டில். இருபது நிமிடம் பார்த்தால் பத்து நிமிடம் ஓய்வு. அதற்கு மேல் பார்த்தால் கண், பாட்டிலையும் பார்க்கும், இல்லாததையும் பார்க்கும்.

இருபத்தாறு வருடம் அண்ணி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கம்பெனியில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். ஒரு பாட்டிலுக்கு நான்கு பார்வை. கழுத்து, தோள், வயிறு, அடி. கண் இந்த நான்கு இடத்திலும் ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்த பாட்டிலுக்குத் தாவும். இதை உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே பார்ப்பாள். கொஞ்ச நாளில் பழக்கம் மனிதர்கள் மேலும் பாய்ந்தது. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள் வாசலில் நின்றபடி என்னை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள். உதடு நான்கு முறை அசைந்தது. "தேறிட்டே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அப்போது எனக்குக் கோபம் வந்தது. பிறகு, நான் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்த ஒருவரை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவருக்கும் அதே பார்வை. அவர் போனதும், "கழுத்து, தோள், வயிறு எல்லாம் சுத்தம். அடியில மெல்லிசா ஒரு கோடு ஓடுது. நிக்க வெச்சா தெரியாது. ஊத்தினா ஒழுகும்" என்றாள். ஒரு மாதம் அவளோடு பேசாமல் இருந்தேன். அந்த மாதத்துக்குள் அவர் வேறு ஊருக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டார். என்னிடம் சொல்லவில்லை.

எதிர்வீட்டம்மாவை மடக்கிய பந்தயம் அவளுடைய பிழைப்பு ரகசியங்களில் ஒன்று. கண்ணாடி முன் ஆளை நிறுத்துவாள். "உன் இடது கண்ணைப் பாரு. இப்போ வலது கண்ணைப் பாரு. மறுபடி இடது. மாத்தி மாத்திப் பாரு. உன் கண்ணு நகருறதை நீ பார்த்துட்டா நான் தோத்தேன்." யாரும் ஜெயித்ததில்லை. பக்கத்தில் நிற்பவருக்கு அந்தக் கண் துள்ளுவது பளிச்சென்று தெரியும். தாவுகிறவருக்கு மட்டும் தெரியாது. தாவும் நேரத்தில் கண் எதையும் பார்ப்பதில்லை என்பதை அண்ணி புத்தகத்தில் படிக்கவில்லை. தாவும்போது தப்பிய பாட்டில்களிடம் கற்றுக்கொண்டாள். "தாவுறப்ப எல்லாரும் குருடுதான். கம்மியாத் தாவணும், சட்டுனு தாவணும். இதுதான் என் படிப்பு" என்பாள்.

இந்தப் படிப்புக்கு ஒரு வருடத்துக்கு முன் ஆபத்து வந்தது.

பாட்டில் கழுவும் இயந்திரத்தைச் சுவரின் மறுபக்கத்துக்கு மாற்றினார்கள். அதுவரை பெல்ட் இடமிருந்து வலமாக ஓடியது. இனி வலமிருந்து இடம். புது பெல்ட்டில் ஒரு கால்மிதியும் வந்தது. குறையுள்ள பாட்டில் நடுக்கோட்டுக்கு வரும்போது மிதித்தால் ஒரு சின்ன இரும்புக் கை அதைத் தட்டில் தள்ளிவிடும். மணிக்கூண்டுக்கு ஏகப் பெருமை. மூன்று வாரம் கழித்து எல்லோருக்கும் சோதனை வைத்தார். முன்னூறு நல்ல பாட்டிலுக்கு நடுவே பத்துக் குறைப் பாட்டில். ஒன்று தப்பினால் மன்னிப்பு. அதற்கு மேல் தப்பினால் மறுசோதனை. மூன்று முறை தோற்றால் நாற்காலி போய்விடும், கழுவும் கொட்டகைக்குப் போக வேண்டும். அங்கே கார நீரில் முழங்கை வரை வெந்து கிடக்க வேண்டும்.

சல்லடை மூன்று பாட்டிலைத் தவறவிட்டாள். மறுசோதனையில் நான்கு.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூடக் கழற்றவில்லை. அண்ணன் துணி வெட்டும் நீள மேசை மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"வயசாயிடுச்சாம். மணிக்கூண்டு சொல்லுது. கண்ணு டாக்டரைப் பாருங்கம்மான்னு."

"பார்த்துடலாமே அண்ணி" என்றேன்.

"போன மாசம்தான பார்த்தேன்? கடைசி வரி வரைக்கும் படிச்சேன். அதுக்குக் கீழ அச்சடிச்சவன் பேரையும் படிச்சேன். டாக்டர் எழுந்து நின்னுட்டாரு."

அண்ணன் தையல் இயந்திரத்தை நிறுத்தினான். "கொட்டகைக்குப் போனா என்ன இப்போ? வேலைதான?"

"நீங்க நாளைலேர்ந்து கோணிப்பை தைங்க. வேலைதான?"

அண்ணன் மறுபடி இயந்திரத்தை ஓட்டினான். அது அவன் தோல்வியை ஒப்புக்கொள்ளும் முறை.

தவறிய ஏழு பாட்டிலையும் அண்ணி கேட்டு வாங்கிப் பார்த்திருந்தாள். அதில்தான் அவளுக்கு ஒன்று உறுத்தியது. ஏழிலும் குறை அடியில். கழுத்தில் ஒன்றில்லை, தோளில் ஒன்றில்லை.

"அப்போ அடியிலேர்ந்து பார்த்துட்டு மேல வாங்களேன்" என்றேன்.

"இன்னைக்கு சும்மா இருந்த நேரத்துல பார்த்தேன் டீச்சரம்மா. அப்போ கழுத்து தப்புது. நாலாவது பார்வைக்கு நேரம் பத்தல. பெல்ட் வேகம் அதேதான். நான் கேட்டேன். நொடிக்கு ஒண்ணுதான்."

அன்றிரவுச் சாப்பாட்டுக்கு முன் நான் ஒரு தாளில் வளையங்கள் வரைந்தேன். ஒரு வரிக்கு நாற்பது சின்ன வளையம். சிலதில் மட்டும் மயிரிழை இடைவெளி விட்டேன். இடைவெளி உள்ளவை எத்தனை என்று எண்ண வேண்டும். பள்ளி ஓட்டப் போட்டிக்கு வைத்திருந்த ஸ்டாப்வாட்ச் என் கையில். முதலில் இடமிருந்து வலம். பதினொரு நொடி, ஒன்றுகூடத் தப்பவில்லை. வேறு வரி கொடுத்து, வலமிருந்து இடம். பதினான்கு நொடி, இரண்டு தப்பியது. ஆறு முறை மாற்றி மாற்றிப் பார்த்தோம். கூடக்குறைய அதே கணக்கு.

அண்ணி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு நொடி அதிகமா?"

"நாப்பது வளையத்துக்கு மூணு. ஒரு பார்வைக்கு நொடியில பதிமூணுல ஒரு பங்கு."

"அது ஒரு நேரமா? தும்மக்கூடப் பத்தாதே."

"ஒரு பாட்டிலுக்கு நாலு பார்வை அண்ணி. நாலையும் கூட்டினா நொடியில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு போயிடுது. நீங்க அடிக்குப் போறதுக்குள்ள அடுத்த பாட்டில் வந்துடுது."

பிறகு அவள் முகத்தில் இரண்டு வாரமாகக் காணாமல் போயிருந்த அந்தத் திருட்டுச் சிரிப்பு மெல்ல வந்தது. "அப்போ என் கண்ணு கெட்டுப்போகல. ஒரு பக்கமா சோம்பேறி. அவ்வளவுதான்."

"இருபத்தாறு வருஷமா ஒரே பக்கமா ஓட்டியிருக்கீங்க."

"உங்கண்ணனையும்தான் ஒரே பக்கமா ஓட்டிட்டிருக்கேன். அவரு பழகிட்டாரே!"

தெரிந்துகொண்டால் போதுமா? மறுநாள் மணிக்கூண்டிடம் போய்ச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் இல்லை. பெல்ட்டைத் திருப்ப முடியாது, வேகத்தைக் குறைக்க முடியாது, விளக்குப் பலகை சுவரில் அறையப்பட்டிருக்கிறது, மறுபக்கம் உட்கார வேண்டுமானால் நீங்கள் சுவருக்குள்தான் உட்கார வேண்டும் என்றார். கடைசிச் சோதனை அடுத்த வெள்ளிக்கிழமை என்றும் சொன்னார்.

எட்டு நாள் இருந்தது. அண்ணி வீட்டிலேயே பயிற்சி ஆரம்பித்தாள். வெட்டும் மேசை மேல் லைனிங் துணியை விரித்து, எண்ணெய் பாட்டில், இருமல் மருந்து பாட்டில், என் மை பாட்டில் எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தினாள். சிலதின் அடியில் நான் பேனாவால் புள்ளி வைப்பேன். அண்ணன் துணியைப் பிடித்து இழுக்க வேண்டும். அவள் காலைத் தரையில் தட்டினால் அந்தப் பாட்டிலை அண்ணனே எட்டி எடுக்கவும் வேண்டும். பெல்ட்டும் அவனே, இரும்புக் கையும் அவனே.

"மெதுவா இழுங்க. பெல்ட்டு என்ன மாடா, பிச்சுக்கிட்டு ஓட?"

"லைனிங் துணி வழுக்குதுடி. நான் என்ன பண்ண?"

"பெல்ட்டு பேசாது."

முதல் மூன்று நாளும் பலனில்லை. பாட்டில்கள் விழுந்தன, எண்ணெய் ஒரு வாடிக்கையாளரின் கால்சட்டை மேல் கொட்டியது, கண் மட்டும் வேகம் பிடிக்கவில்லை. நான்காம் நாள் அண்ணி சலித்துப்போய், மேசைக்கு முதுகைக் காட்டி நின்று தலைமுடியை அவிழ்த்து முடிந்துகொண்டிருந்தாள். எதிரே, தைத்த சட்டையைப் போட்டுப் பார்ப்பவர்களுக்காக அண்ணன் வைத்திருக்கும் ஆளுயரக் கண்ணாடி. பின்னால் அண்ணன், நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால், துணியை இழுத்துக்கொண்டே இருந்தான்.

அண்ணியின் கை தலையிலேயே நின்றுவிட்டது.

திரும்பி மேசையைப் பார்த்தாள். பாட்டில்கள் வலமிருந்து இடம் போய்க்கொண்டிருந்தன. முன்பக்கம் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். இடமிருந்து வலம். மறுபடி மேசை. மறுபடி கண்ணாடி.

"கழுத்து சுளுக்கிக்கும்" என்றான் அண்ணன்.

"என்னங்க, இந்தக் கண்ணாடி எனக்கு வேணும்."

"வீட்டுலதான இருக்கு?"

"வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு வேணும்."

வெள்ளிக்கிழமை அந்த ஆளுயரக் கண்ணாடி கம்பெனி பஸ்ஸில் போயிற்று. பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் அதில் தலைவாரிக்கொண்டார்கள் என்றும், ஓட்டுநர் இறங்கி வந்து மீசையைச் சரிசெய்துகொண்டார் என்றும் அண்ணி சொன்னாள். ஓட்டுநர் கதையை நான் முழுதாக நம்பவில்லை. அன்று அண்ணனிடம் சட்டை வாங்க வந்தவர்களை அவன் எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளச் சொன்னான். அதை நம்புகிறேன், அந்த வீட்டம்மா வந்து சண்டை போட்டார்.

சோதனையில் நடந்ததை அண்ணி நடித்துக் காட்டினாள். பக்கத்து நாற்காலியில் வேலை செய்யும் இடக்கைக்காரி நேற்று வந்தபோது அதையே சிரிப்பில்லாமல் சொன்னாள். இரண்டும் ஒத்துப்போகின்றன. அண்ணி நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். பெல்ட்டுக்கு முதுகு. எதிரே கண்ணாடி. தன் தலையே மறைக்காமலிருக்க நாற்காலியைத் தாழ்த்தி, கண்ணாடியின் அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகிச் சாய்த்துக்கொண்டாள். கால்மிதியைக் குதிகாலுக்கு இழுத்துவைத்தாள். மணிக்கூண்டு சோதனைப் பட்டியலோடு வந்தவர் அப்படியே நின்றார்.

"அம்மா, பாட்டில் அந்தப் பக்கம் இருக்கு."

"தெரியும் சார். குளிச்சிட்டு அப்படியே வருதுங்க. நேராப் பார்த்தா அதுங்களுக்குக் கூச்சமா இருக்காதா?"

"விதிப்படி..."

"விதியில விளக்கு எவ்வளவு வெளிச்சம்னு இருக்கு. பெல்ட் எவ்வளவு வேகம்னு இருக்கு. நாற்காலி மூஞ்சி எந்தப் பக்கம்னு எங்கயும் இல்ல சார். நேத்து இவளை விட்டுப் படிக்கச் சொன்னேன்."

இடக்கைக்காரி தலையாட்டினாள். மணிக்கூண்டு விதிப் புத்தகத்தை வரவழைத்து நின்றபடியே புரட்டினார். இல்லை. பெல்ட்டை ஓட்டச் சொன்னார்.

பத்துக்குப் பத்து. நல்ல பாட்டில் ஒன்றைக்கூட அவள் தள்ளவில்லை. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அன்று மாலை வீட்டில் விருந்து மாதிரி இருந்திருக்க வேண்டும். அண்ணன் இனிப்பு வாங்கி வந்திருந்தான். அண்ணி ஒன்றை எடுத்துப் பாதி கடித்து வைத்துவிட்டாள்.

"என்ன அண்ணி?"

"கண்ணாடியில பாட்டில் மட்டுமா தெரிஞ்சுது? மணிக்கூண்டும் தெரிஞ்சுது. பெல்ட்டு ஓரமா நின்னுக்கிட்டு எண்ணுது. எத்தனாவது பாட்டில் குறைன்னு அது கைப் பட்டியல்ல இருக்கு. குறைப் பாட்டில் கிட்ட வரும் முன்னாடியே அது கண்ணு பட்டியலுக்கு ஒரு தாவு, பாட்டிலுக்கு ஒரு தாவு. ஒவ்வொரு தடவையும்."

"நீங்க அதைப் பார்த்தா தள்ளினீங்க?"

"பார்க்கக் கூடாதுன்னுதான் பார்த்தேன். பார்க்காம இருக்க முடியல. மூஞ்சி அவ்வளவு பெருசா இருக்கு." அவள் சிரிக்கவில்லை. "பத்துல எத்தனை என் கண்ணு, எத்தனை அது கண்ணுன்னு எனக்கே தெரியல டீச்சரம்மா."

"ஜெயிச்சாச்சு. விடேன்" என்றான் அண்ணன்.

"மருந்து பாட்டில்ங்க. யாரோ பெத்த பிள்ளை குடிக்கப்போகுது. நாளைக்கு மணிக்கூண்டு லீவு போட்டா நான் யார் கண்ணைப் பார்த்துத் தள்ளுறது?"

அடுத்த இரண்டு நாளும் அவள் எந்தக் குறும்பும் செய்யவில்லை. வீடு வெறிச்சென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் பொறுக்க முடியாமல், "சொன்னா நாற்காலி போனாலும் போயிடும் அண்ணி" என்றேன். "போனா கண்ணாடியை உங்கண்ணன்கிட்ட திருப்பிக் கொடுத்துடலாம். பாவம், எதிர்வீட்டம்மாகிட்ட எத்தனை நாள் திட்டு வாங்குவாரு?" என்றாள்.

திங்கள்கிழமை மணிக்கூண்டின் அறைக்குப் போய், எனக்கு மறுசோதனை வேண்டும் என்றாள். ஜெயித்தவர் மறுசோதனை கேட்டு அவர் பார்த்ததில்லை.

"எதுக்கும்மா?"

"போன தடவை நீங்க எனக்குப் பிட்டு கொடுத்துட்டீங்க சார்."

அவர் முகம் போன போக்கை அண்ணி பல நாள் எங்களுக்குச் செய்து காட்டினாள். கோபப்படத் தயாராகி, விஷயத்தைக் கேட்டு, கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசை டிராயரைத் திறந்து மூடினாராம்.

மறுசோதனையில் அவர் வெளியே நின்றார். கதவைச் சாத்தினார்கள். பட்டியல் அவர் சட்டைப்பையில். குறைப் பாட்டில்களைக் கலந்து வைத்தவர் வேறு பிரிவு ஆள், வைத்ததும் அவரும் வெளியே. உள்ளே அண்ணியும் இடக்கைக்காரியும்தான். இடக்கைக்காரி பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாளாம். முன்னூற்றுப் பத்தும் ஓடி முடிந்தது. தட்டில் விழுந்த பாட்டில்களை மணிக்கூண்டு வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஒன்பது. ஒன்பதும் குறைப் பாட்டில். தப்பிய ஒன்றில் கழுத்தில் ஒரு குமிழி.

"தேறிட்டீங்க" என்றார்.

"ஒண்ணு போச்சே."

"ஒண்ணுக்கு மன்னிப்பு உண்டும்மா." போனவர் வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "என் கண்ணு நிஜமாவே அப்படித் தாவுதா?"

"ஓய்வறைக் கண்ணாடியில போய்ப் பாருங்க சார். இடது கண்ணு, வலது கண்ணு, மாத்தி மாத்தி."

அவர் போனார். பிரிவு முழுக்க வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்தது. பத்து நிமிடம் கழித்து வெளியே வந்து, "ஒண்ணும் நகரலையே" என்றார். இடக்கைக்காரி சிரிப்பை அடக்க முடியாமல் கழுவும் கொட்டகைப் பக்கம் ஓடினாள்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அவர் கண் விஷயத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். என் வளையத் தாளை வாங்கிப் பார்த்தார். எல்லோருக்கும் இதைச் செய்து பார்க்க வேண்டும், அதை அண்ணிதான் செய்ய வேண்டும் என்றார். தன் கழுத்திலிருந்த ஸ்டாப்வாட்சைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். அண்ணி ஒரு நோட்டில் கோடு போட்டு, ஆளுக்கு ஒரு வரிசை என்று பதினொரு பேரையும் எழுதினாள். ஓய்வு நேரத்தில் ஒவ்வொருவராக உட்காரவைத்து நேரம் பார்த்தாள். ஐந்து பேருக்கு இடமிருந்து வலம் வேகம். நான்கு பேருக்கு நேர்மாறு. இடக்கைக்காரி அந்த நான்கில் ஒருத்தி, பெல்ட் திரும்பியதிலிருந்து அவள் முன்பைவிட நன்றாகப் பார்க்கிறாள் என்பதை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. இரண்டு பேருக்கு இரு பக்கமும் ஒன்றே. "இந்த ரெண்டு பேரும் கல்யாண வாழ்க்கையில நல்லா இருப்பாங்க" என்று நோட்டில் ஓரமாக எழுதியிருக்கிறாள்.

மணிக்கூண்டு பெல்ட்டைச் சுவரிலிருந்து நகர்த்தி, இரண்டு பக்கமும் விளக்கும் நாற்காலியும் போட வைத்தார். அண்ணி சுவர்ப் பக்கம் போனாள். கண்ணாடி வீட்டுக்குத் திரும்பியது, திரும்பும்போதும் பஸ் முழுக்கத் தலைவாரியது.

பன்னிரண்டாவது வரிசையில் தன்னைச் சேர்க்கச் சொன்னார் மணிக்கூண்டு. தன் கண் தன்னைக் காட்டிக்கொடுத்தது எப்படி என்று அவருக்கு ஆறவில்லை. அண்ணி அவரை எட்டு மாதம் இழுத்தடித்தாள். இன்றைக்கு விளக்கு சரியில்லை என்பாள். நாளைக்கு உங்கள் கண் சிவந்திருக்கிறது என்பாள். "உங்களோடது அவசரக் கண்ணு சார், அதைக் கடைசியிலதான் பார்க்கணும்" என்பாள். அவரும் தினம் ஓய்வறை வாசலில் வந்து, "இன்னைக்காவது?" என்று கேட்டுவிட்டுப் போவார். மேனேஜர் ஒருவரைத் தினம் காக்க வைக்கிற சுகம் இருக்கிறதே, அது சம்பளத்தில் வராது என்று என்னிடம் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அவளாகவே கூப்பிட்டு, "வாங்க சார், பார்த்துடலாம்" என்றாளாம். ஓய்வறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் முடித்ததும் அவளுடைய முறைக்கு மணி அடித்தது. மீதி டீக்குப் பிறகு என்று எழுந்து போனாள். பெல்ட் முன்னால் இருபது நிமிடம், ஓய்வு, இன்னொரு இருபது நிமிடம். பிறகு ஓய்வறைக்கு வந்து, கையை மடித்து மேசை மேல் தலையை வைத்தாள். அடுத்த மணி அடித்தபோது எழுந்திருக்கவில்லை. தூங்குகிற மாதிரி நடிக்கிறாள் என்று இடக்கைக்காரி அவள் காதில் ஊதினாளாம்.

இன்று மாலை மணிக்கூண்டு வீட்டுக்கு வந்தார். வாசல் நிலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்து, அண்ணியின் சாப்பாட்டு டப்பா, மூக்குக் கண்ணாடி, அந்த நோட்டு மூன்றையும் வெட்டும் மேசை மேல் வைத்தார். அண்ணன் அவருக்கு நாற்காலி போட்டான். அவர் உட்காரவில்லை. "என்னோடது மட்டும் பாதியில நிக்குது" என்றார். பிறகு, அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போல என்னைப் பார்த்தார்.

அவர் போன பிறகு நோட்டைத் திறந்தேன். பன்னிரண்டாவது வரிசையில், இடமிருந்து வலம் என்ற தலைப்பின் கீழ் ஒன்பது, பத்து, ஒன்பது, ஒன்பது, எட்டு என்று ஐந்து எண்கள் இருக்கின்றன. வலமிருந்து இடம் என்ற தலைப்பின் கீழும் அளவுகோல் வைத்து ஐந்து கட்டம் போட்டிருக்கிறாள். ஐந்தும் காலி.